பூனைக்குட்டி கேட்ட பேரன்

பேத்தி பிறந்தபோது அவள் அழுகை பூனைக்குட்டி கத்துவது போல இருந்தது. பரிசோதனை முடிவில் ‘க்ரி து ஷா’ என்று வந்தது. பாரீசில் ஜெரோம் லெஜூன் என்ற மருத்துவர் 1963இல் விவரித்த பிறவிக் குறைபாடு. வீட்டில் பிரெஞ்சு படித்தவன் நான் ஒருவன்தான். “பூனையின் அழுகை என்று அர்த்தம்” என்று கூடத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் விளக்கினேன். கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொல்லியிருப்பேன்.

அன்றிலிருந்து ஏழு வயதுப் பேரன் தொட்டில் பக்கமே போகவில்லை. பொறாமை என்று நினைத்தோம். ஒரு வாரம் கழித்து, கடற்கரையில் நடக்கும்போது கேட்டான்: “தாத்தா, பாப்பா வேணாம், பூனைக்குட்டிதான் வேணும்னு அம்மாகிட்ட சொன்னேனே, அதனாலயா?”

எனக்குப் பேச்சு வரவில்லை. நடைபாதைச் சுவரில் உட்காரவைத்து, குமாஸ்தாவுக்குத் தெரிந்த பாஷையில் சொன்னேன். குரோமோசோமைக் கோப்பு என்றேன்.

“உடம்புக்குள்ள 46 கோப்பு, ஜோடி ஜோடியா இருக்கு. ஐந்தாம் நம்பர் ஜோடியில ஒண்ணுல கொஞ்சம் பக்கம் விட்டுப்போச்சு. அதனால குரல்வளை வேற மாதிரி அமைஞ்சிருக்கு.”

“யாரு விட்டது?”

“யாரும் இல்லைப்பா. நீ பூனை கேட்டப்பவே பாப்பா வயித்துல இருந்தா. இது அதுக்கும் முன்னாடியே நடந்துபோச்சு.”

விரலை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தான். “பேசுவாளா?”

“நாளாகும். எவ்வளவு பேசுவான்னு இப்பச் சொல்ல முடியாது.” பொய் சொல்ல மனம் வரவில்லை.

இப்போது அவளுக்கு இரண்டு வயது. அந்தப் பூனைச் சத்தம் போய்விட்டது. போன வாரம் ‘அண்ணா’ என்று கூப்பிட்டாளாம். எங்கள் யார் காதிலும் விழவில்லை.