இவங்களுக்கு ஓ.எல். இல்லையா?

எங்கள் தரம் 10இல் ஒரு பிள்ளை நல்லா பெட்மிண்டன் விளையாடுவாள். "அடுத்த வருசம் ஓ.எல்., ரெக்கெட்டைக் கொஞ்சம் ஓரமா வைக்கச் சொல்லுங்க" என்று அவளுடைய உம்மாவிடம் சொன்னது நாங்கள்தான். இப்போது கொட்டாஞ்சேனையில் ஸ்கூல் விட்டதும் நேரே வெள்ளவத்தையில் கிளாஸ்.

2025 ஒக்டோபரில், குவாஹாத்தியில் 19 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டி. இலங்கை அணி இந்தியாவுடன் மோதிய வீடியோவை இடைவேளையில் ஃபோனில் பார்த்தோம். 45 புள்ளி செட். ஒருவர் விட்ட புள்ளியிலிருந்து அடுத்தவர் தொடர வேண்டும். இரண்டு செட்டும் போய்விட்டது. ஆனாலும் எங்கட பிள்ளைகளின் வேகம், மாஷா அல்லாஹ்!

பின்னால் நின்று எட்டிப் பார்த்தவள் கேட்டாள்: "டீச்சர், இவங்களுக்கு ஓ.எல். இல்லையா?"

எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இன்றிரவு அவளுடைய உம்மாவுக்குக் கோல் எடுக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.