பொங்குகிற தண்ணீரை நம்பாதே

பாசிர் ரிஸ் கடற்கரையில் மாலை நேரம் உட்கார்ந்தால், எதிரே உபின் தீவு தெரியும். என் மனமோ ஜொகூர்த் தோட்டத்துச் செம்பனை ஆலைக்குப் போய்விடும். அங்கே என் அப்பா பாய்லர்மேன். நாரையும் ஓட்டையும் எரித்து, பழக்குலைகளை வேகவைக்க நீராவி கொடுப்பார். தீபாவளியன்று சோறு கொண்டுபோனாலும், தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்த்தபடியேதான் சாப்பிடுவார்.

“பால் பொங்கினால் பால் கூடிவிட்டதா? பாய்லர் தண்ணீரும் அப்படித்தான்டா” என்பார்.

சிங்கப்பூரில் ஓர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அதன் பொருள் விளங்கியது. திடீரென்று நீராவியை அதிகமாக இழுத்தால் உள்ளே அழுத்தம் குறையும். குமிழிகள் பெருகித் தண்ணீர் உயர்வதுபோல் தோன்றும். உண்மையில் தண்ணீர் குறைந்துகொண்டிருக்கும். மட்டத்தை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். அதனால்தான் புதிய முறையில் மட்டம், வெளியேறும் நீராவி, உள்ளே வரும் தண்ணீர் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள்.

இந்த ஊரில் 1927இல் திறந்த செயின்ட் ஜேம்ஸ் மின் நிலையம் நிலக்கரி எரித்தது. 1992இல் மலேசிய எரிவாயு குழாய்வழி செனோக்கோ மின் நிலையத்துக்கு வந்தது. எரிபொருள் மாறினாலும் பாய்லரின் குணம் மாறவில்லை.

எங்கள் ஆலையிலும் காற்றழுத்தத்தில் இயங்கிய பழைய கருவிகளைக் கழற்றிவிட்டுக் கணினி வைத்தார்கள். இனி நமக்கு வேலை இருக்காது என்று கலங்கினேன். ஆனால் கணினி என்னைவிட நிதானமாகவே தீயையும் தண்ணீரையும் கவனித்தது. நானும் மெல்ல மெல்லக் கண்ணாடிக் குழாயை மறந்தேன்.

ஒருநாள் இரவு திரையில் மட்டம் சரியாகவே இருந்தது. ஆனால் தண்ணீர் உள்ளே போவது குறைந்துகொண்டே வந்தது. அப்பாவின் பால் நினைவுக்கு வர, படியேறி ஓடினேன். கண்ணாடி முழுக்க அழுக்கு. சட்டைத் துணியால் துடைத்துப் பார்த்தால், அடியில் விரல் அளவுதான் தண்ணீர்! மட்டம் அளக்கும் கருவியின் ஒரு பக்கக் குழாயில் நிற்க வேண்டிய நீர் வற்றியதால், அது பொய் சொல்லியிருக்கிறது. உடனே தீயை நிறுத்தி, பொறியாளரை அழைத்தேன். தண்ணீர் கண்ணுக்கே தெரியாமல் போன பின் தண்ணீர் விட்டிருந்தால், பழுத்த குழாய்கள் வெடித்திருக்கும்.

பிறகு ஒரு கருவிக்குப் பதில் மூன்று வைத்தார்கள். இரண்டு ஒத்துச் சொன்னால்தான் கணினி ஏற்கும்.

உங்கள் பிள்ளைகளும் நாளை திரை முன் உட்காரலாம். கணினியை நன்றாகப் படிக்கட்டும். ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருமுறை படியேறவும் பழகட்டும்.

விடுமுறையில் தோட்டத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அப்பா பாராட்டவில்லை. வெற்றிலையை மடித்தபடி ஒன்றே ஒன்று கேட்டார்:

“கண்ணாடியை ஏன்டா அழுக்காக விட்டாய்?”