இறந்தவளுக்கு ஓர் இடம்

இருபது முகப் பகடை மூன்றாம் முறையும் பத்துக்குக் கீழேயே விழுந்தது. திருவனந்தபுரத்து மாணவர் விடுதி ஒன்றின் அறையில் மேசையைச் சுற்றி ஐந்து பேர் அமர்ந்திருந்தனர். பாறசாலைக்கு அருகிலுள்ள எல்லைச் சிற்றூரிலிருந்து படிக்க வந்த மாணவி ஒருத்தி ஏழு மாதங்களாக வளர்த்த பாத்திரம் அந்த நொடியில் இறந்தது. ஆட்டத்தை நடத்தியவர் வருத்தம் சொல்லிவிட்டு, புதிய பாத்திரத்துக்கான வெற்றுத்தாளை நீட்டினார். விதி அவ்வளவுதான். அவள் தாளை வாங்கவில்லை.

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளில் மூத்ததான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளிவந்தபோது மரணம் எளிய கணக்காக இருந்தது: உயிர்ப்புள்ளிகள் தீர்ந்தால் பாத்திரம் தீர்ந்தது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் சாவுக்கும் உயிருக்கும் நடுவே ஒரு படி உண்டு. வீழ்ந்த பாத்திரத்தின் முறை வரும்போதெல்லாம் பகடை உருட்ட வேண்டும். பத்தும் அதற்கு மேலும் வெற்றி. மூன்று வெற்றிகள் சேர்ந்தால் உயிர் தங்கும்; மூன்று தோல்விகள் சேர்ந்தால் போகும். இறந்த ஒரு நிமிடத்துக்குள் 300 பொன் மதிப்புள்ள வைரத்தைச் செலவிட்டு மீட்கும் மந்திரமும் உண்டு. எப்போது இறப்பது, என்ன விலைக்கு மீள்வது என்னும் இரு கேள்விகளுக்கும் இவ்விதிகள் நுட்பமாக விடை சொல்கின்றன. இறந்த பாத்திரத்துக்கு எஞ்சியிருப்போர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அவற்றில் விடை இல்லை.

அந்த மாணவியின் ஊர்ப்பக்கம் அக்கேள்விக்கு நெடுங்காலமாக விடை இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு உள்ளிட்ட வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. பாறசாலையை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. மாநில எல்லை பாட்டைப் பிரிக்கவில்லை. களியக்காவிளைக்குக் கிழக்கே வில்லுப்பாட்டு எனப்படுவது மேற்கே வில்லடிச்சான் பாட்டு. வேணாட்டுப் படைத்தலைவன் இரவிக்குட்டிப் பிள்ளை, திருமலை நாயக்கரின் படையை எதிர்த்துக் கணியாகுளத்தில் மடிந்த கதையைத் தமிழும் மலையாளமும் தத்தம் இலக்கியத்தில் சேர்த்துக்கொண்டுள்ளன. தீக்கனவு கண்ட பெண்கள் போருக்குப் போகவேண்டாமென்று அவனைத் தடுக்கிறார்கள், அவன் போகிறான். பாடுவோர்க்கும் கேட்போர்க்கும் முடிவு முன்பே தெரியும். அங்கே பகடைக்கு வேலையில்லை. இறப்பானா என்று எவரும் கேட்பதில்லை. அந்த இறப்பை எப்படி ஏற்பது என்பதற்காகவே கூட்டம் விடிய விடிய அமர்ந்திருக்கிறது.

கொடை விழாக்களின் வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1988இல் வெளியான தம் நூலில் கதைகளைப் பிறப்புக் கதை, இறப்புக் கதை எனப் பகுத்தார். இறப்புக் கதையில் நாயகனின் சாவு பாடப்படும் கட்டமே விழாவின் உச்சம். கோமரத்தாடிக்கு அருள் வருவதும் அப்போதுதான். மாடு கவர்ந்த கள்வரோடு பொருது மாண்ட முத்துப்பட்டன், சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாகப் பீடம் கொண்டிருக்கிறான். மேசை விளையாட்டில் பாத்திரம் இறந்தால் ஆடியவர் வேடத்தைக் கழற்ற வேண்டும். கொடையில் பாத்திரம் இறந்த பிறகுதான் ஒருவர் அந்த வேடத்தை ஏற்கிறார். இவ்விரண்டின் வேறுபாடு அடிப்படையானது: ஒன்றில் மரணம் பங்கேற்பின் முடிவு, மற்றதில் அதன் தொடக்கம்.

இதைப் பெருமையாக மட்டும் சொல்லிவிட முடியாது. தென்மாவட்டத் தெய்வங்கள் பலவும் அகாலத்தில் கொல்லப்பட்டவர்கள். சாதி மீறிய காதலுக்காக மாண்டவர்களும் அவர்களுள் உண்டு. கொன்றவர்களின் வழிவந்தோரே பயந்து படையலிடும் இடங்களும் உண்டு. பீடம் நீதிக்கு ஈடாகாது. ஆயினும் இறந்தவரை வெற்றுத்தாளால் மூடிவிடக்கூடாது என்னும் அறிவு அதற்குள் இருக்கிறது.

மாணவியின் வீட்டு முற்றத்தின் தென்மூலையில் ஒரு சிறு மாடம் உண்டு. திருமணத்துக்கு முன்பே இறந்துபோன அத்தைக்காக அங்கே ஆண்டுக்கொரு முறை புதுத்துணி வைத்து விளக்கேற்றுவார்கள். அத்தையை அவள் பார்த்ததில்லை. சிறுவயதில் காரணம் கேட்டபோது பாட்டி சொன்னது ஒரே வரி: “அவளுக்கும் இருக்க ஒரு எடம் வேணும்லா மக்களே.”

அடுத்த வாரம் மேசைக்கு வந்த அவள், மீட்பு மந்திரத்தைக் கேட்கவில்லை. செத்தது செத்ததுதான் என்று ஒப்புக்கொண்டாள். ஆட்டம் தொடங்குமுன் பத்து நிமிடம் மட்டும் கேட்டாள். இறந்தவள் செய்த ஒரு காரியத்தை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அவள் வீழ்ந்த ஆற்றுத்துறை வரைபடத்தில் அவள் பெயரால் குறிக்கப்பட வேண்டும். இனி அவ்வழியே செல்லும் எவரும் அங்கே நின்று போக வேண்டும். முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு, பாலத்தில் தன் பாத்திரத்தை அவள் காப்பாற்றியதை அவனே முதலில் சொன்னான்.

ஆட்டத்தை நடத்தியவர் அம்மூன்றையும் அவர்களின் விதித்தாளில் எழுதிச் சேர்த்தார். அதன் பின்பே அவள் வெற்றுத்தாளை வாங்கி, புதிய பெயர் ஒன்றை எழுதத் தொடங்கினாள்.