பத்து லிட்டரில் ஒண்டுக் குடித்தனம்

கேன் தண்ணீர் போடுகிற தம்பி தோளில் சாய்த்துத் தூக்கி வருகிறாரே, அந்தக் கேன் 20 லிட்டர். கடையில் வழக்கமாக அசெம்பிள் செய்து தரும் கேபினட் அதைப்போல் இரண்டு பங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். இப்போது என் மேசைமேல் தகடு தகடாகக் கிடப்பதை எல்லாம் பூட்டி முடித்தால் பாதிக் கேன்கூட வராது. பத்து லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள் மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ், ஃபேன், வயர் எல்லாம் குடியேற வேண்டும். ஒண்டுக் குடித்தனம்தான். யார் கதவைத் திறந்தாலும் அடுத்தவர் முற்றத்தில் இடிக்கும்.

இந்தப் பெட்டியைக் கேட்டவர் சிதம்பரத்துக்காரர். மகா சிவராத்திரியை ஒட்டி நடக்கும் நாட்டியாஞ்சலிக்கு ஆட வருகிற குழுக்களுக்கு வீடியோ எடுத்துக் கொடுப்பவர். மற்ற நாட்களில் கல்யாணம், காதுகுத்து, அரங்கேற்றம். “அண்ணே, லேப்டாப்புல ரெண்டு கேமரா வீடியோவைப் போட்டாலே அடுப்பு மாதிரி கொதிக்குது. பெரிய சிபியுவைத் தூக்கிக்கிட்டு அலைய முடியாது. தோள்ல மாட்டுற பையில அடங்குற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க” என்றார். கடலூரில் நான் இந்த வேலைக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. இந்த அளவில் பூட்டியவை ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

இப்படிப்பட்ட பெட்டிகளை முதலில் வரைந்தவர்கள் பெரிய கம்பெனிக்காரர்கள் இல்லை. வேண்டிய அளவில் கடையில் கிடைக்கவில்லை என்று தாங்களே உட்கார்ந்து வரைந்த ஆர்வலர்கள். 2001-ல் வியா நிறுவனம் மினி-ஐடிஎக்ஸ் என்ற போர்டு அளவைக் கொண்டுவந்தது. நீளமும் அகலமும் 170 மில்லிமீட்டர், ஒரு சாணுக்கும் குறைவான சதுரம். அப்போது அது மின்சாரம் குறைவாகக் குடிக்கும் சின்ன மெஷின்களுக்கானது. பிறகு அதே அளவில் முழு வலுவுள்ள போர்டுகள் வந்துவிட்டன, பெட்டிகள் மட்டும் பெரும்பாலும் பெரிதாகவே நின்றன. 2013 வாக்கில் என்கேஸ் எம்1 என்ற 12.6 லிட்டர் பெட்டி, வாங்குகிறவர்களிடம் முன்பணம் திரட்டிச் செய்யப்பட்டது. 2016-ல் ஜெர்மனியைச் சேர்ந்த டேனியல் ஹான்சன் அதே வழியில் டான் ஏ4 என்ற 7.2 லிட்டர் பெட்டியைக் கொண்டுவந்தார். இரண்டையும் செய்து கொடுத்தது தைவானின் லியான் லி தொழிற்சாலை. ஹான்சன் பெட்டியில் போர்டும் கார்டும் நடுவில் ஒரு தகட்டுச் சுவரை வைத்து முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். இரண்டையும் இணைப்பது ரைசர் என்கிற பட்டை வயர். இன்று வருகிற கிட்டுகளில் பல அந்த ஏற்பாட்டின் பேரப்பிள்ளைகள்.

எங்களுக்கு வந்த கிட்டில் அந்த நடுச்சுவரை நகர்த்தலாம். கேட்க வசதியாக இருக்கும். கார்டு உட்காரும் ஒரு ஸ்லாட்டின் அகலம் 20.32 மில்லிமீட்டர். மூன்று ஸ்லாட் கார்டு வேண்டுமென்று சுவரைத் தள்ளினால், அந்தப் பக்கம் கூடுகிற அளவு இந்தப் பக்கம் புராசசரின் ஃபேனுக்குக் குறையும். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் வேலியை நகர்த்துகிற கதைதான். ஆகவே கார்டு வாங்குவதற்கு முன்பே ஃபேனின் உயரம் தெரிந்திருக்க வேண்டும், ஃபேன் வாங்குவதற்கு முன்பே கார்டின் தடிமன். பெரிய கேபினட்டில் இந்தத் தொல்லை கிடையாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இறங்கி, அன்றைக்கு எது மலிவோ அதை வாங்கிக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் ஊர் திரும்பலாம். அப்படி வாங்கியே பழகிய எனக்கு, இந்தப் பெட்டிகள்தான் ஸ்கேலும் கையுமாக உட்காரக் கற்றுக்கொடுத்தன. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளில் ஒவ்வொரு பாகத்தின் அளவையும் வெட்டி அடுக்கிப் பார்ப்பேன். வீட்டில் சிரிப்பார்கள். எஸ்எஃப்எக்ஸ் வகை எஸ்எம்பிஎஸ் 125க்கு 100க்கு 63.5 மில்லிமீட்டர் என்று தாளில் படிப்பது வேறு. அதிலிருந்து புறப்படும் வயர்க் கொத்து வளைந்து திரும்ப இன்னும் எத்தனை விரற்கடை வேண்டும் என்று பார்ப்பது வேறு. அதை எந்த அட்டவணையும் சொல்லாது.

ஸ்க்ரூக்களைப் பிரித்துவைக்க நான் வைத்திருப்பது ஓட்டை விழுந்த பணியாரக் கல். ஏழு குழி, ஏழு வகை ஸ்க்ரூ. கிட்டில் வந்த பொட்டலங்களை நான் அதில் கொட்டுவதைப் பார்த்து நம் வீடியோக்காரர் கேட்டார்: “பொன்னம்பலக் கூரைக்கு எழுபத்திரண்டாயிரம் ஆணின்னு சொல்லுவாங்க. உங்க பெட்டிக்கு எத்தனைண்ணே?” அவ்வளவு இல்லை. ஆனால் இங்கே தப்பான ஆணியை அடித்தால் பிடுங்க முடியாது. கம்ப்யூட்டருக்குள் இரண்டு ஜாதி ஸ்க்ரூ உண்டு. ஒன்று எம்3, மூன்று மில்லிமீட்டர் கனம், நெருக்கமான மரை. மற்றது 6-32 என்கிற அங்குலக் கணக்கு, மூன்றரை மில்லிமீட்டர், மரை அகலம். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். எம்3 துளையில் 6-32-ஐப் போட்டு முறுக்கினால், இரும்புத் தகடாவது கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அலுமினியம் வெண்ணெய்போல வழிவிடும், அத்தோடு அந்த மரை போயிற்று. அதனால் எந்த ஸ்க்ரூவையும் முதலில் இடப்பக்கம், கழற்றுகிற திசையில், மெல்லத் திருப்புவேன். மரையின் வாய் மரையோடு பொருந்துகிற இடத்தில் ‘டக்’ என்று ஒரு சிறு இறக்கம் விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம். எல்லாச் சட்டங்களையும் பூட்டும் வரை எதையும் முழுக்க இறுக்குவதும் இல்லை. கட்டில் பூட்டுகிற ஆசாரிக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

இந்த வேலையில் கைத்திறனைவிட வரிசைதான் பெரிது. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எனக்கென்று நான் பூட்டிய முதல் சின்னப் பெட்டி. அழகாக முடித்திருந்தேன். வயரெல்லாம் ஜடை பின்னியதுபோல் இருந்தது. சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றுகிறது, கார்டில் விளக்கு எரிகிறது, மானிட்டர் இருட்டு. எங்கள் பாஷையில் ‘நோ டிஸ்ப்ளே’. இருபது வருஷத்தில் ஆயிரம் முறை பார்த்த நோய்தானே என்று ராமைக் கழற்றி, அதன் தங்கப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துப் போட்டேன். இல்லை. பயாஸ் பேட்டரியை எடுத்துக் கால்மணி நேரம் வைத்திருந்தேன். இல்லை. மானிட்டர் கேபிளை மாற்றினேன். ராத்திரி ஒரு மணிக்கு, ஜடையை அவிழ்த்து, சுவரைக் கழற்றி, போர்டை வெளியே எடுத்து அது வந்த அட்டைப்பெட்டிமேலேயே கிடத்தி, கார்டை ரைசர் இல்லாமல் நேராகச் சொருகினேன். உடனே படம் வந்தது.

விஷயம் இதுதான். போர்டும் கார்டும் பிசிஐ எக்ஸ்பிரஸ் நான்காம் தலைமுறை. நான் தனியாக வாங்கிப் போட்ட ரைசர் மூன்றாம் தலைமுறை வேகத்துக்குச் செய்தது. பயாஸில் ‘ஆட்டோ’ என்று இருந்ததால் போர்டும் கார்டும் தங்களுக்குள் நான்காம் வேகத்துக்குப் பேசி முடித்துக்கொண்டன. நடுவில் நின்ற பட்டை வயருக்கு அந்த வேகம் தாங்கவில்லை. பயாஸில் மூன்று என்று மாற்றினால் தீர்ந்தது. ஆனால் பயாஸுக்குள் போகப் படம் வேண்டும், படத்துக்குக் கார்டு வேண்டும், கார்டுக்கு ரைசர் வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்பார்களே, அந்தக் கணக்கு. புராசசரிலேயே கிராபிக்ஸ் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன், அதில் இல்லை. அன்றிலிருந்து எந்தச் சின்னப் பெட்டியானாலும், எல்லாவற்றையும் முதலில் மேசைமேல் திறந்தவெளியில் இணைத்து, படம் வரவழைத்து, பயாஸ் வேலைகளை முடித்து, ஒருநாள் ஓட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே ஏற்றுவது.

வயர் விஷயத்தில் ஒன்று மட்டும். கழற்றி மாட்டும் வயருள்ள எஸ்எம்பிஎஸ் என்றால், வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் வயர் நீளம் வசதியாக இருக்கிறதே என்று எடுத்து மாட்டக் கூடாது. முனை பொருந்தும், ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய் ஒரு டிஸ்க்கே கருகியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இனி ஊர்க் கதை. இந்தப் பெட்டிகளைப் பூட்டிக் காட்டும் வெளிநாட்டு வீடியோக்களில், உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் பாகங்களைக் கொன்றுவிடும் என்று மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொள்வார்கள். அங்கே குளிர்ந்து வறண்ட காற்று. தேவனாம்பட்டினத்துக் கடற்காற்று மஞ்சக்குப்பம் வரை வந்து கழுத்தில் ஒட்டுகிற ஊரில் அந்த ஆபத்து வெகுவாகக் குறைவு. இரும்பைத் தொட்டுவிட்டு உட்காருவேன், அவ்வளவுதான். இங்கே பயம் வியர்வைக்குத்தான். சித்திரை மாதத்தில் சிறு ஸ்க்ரூக்கள் பறந்துவிடும் என்று ஃபேனை நிறுத்திவிட்டுக் குனிந்தால், புருவத்திலிருந்து ஒரு சொட்டு நேராகப் புராசசர் சாக்கெட்டைக் குறிவைக்கும். நெற்றியில் துண்டு கட்டிக்கொண்டுதான் வேலை.

சூட்டுக் கணக்கும் இப்படித்தான். ஃபேன்களைச் சோதித்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு டிகிரி அறையில் வைத்து அளக்கிறார்கள். அங்கே புராசசர் 70 டிகிரி என்றால், அறைக்குமேல் ஐம்பது ஏறியிருக்கிறது என்று பொருள். அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத நம் அறை 37. அதே ஐம்பதைக் கூட்டிக்கொள்ளுங்கள். நாக்டுவாவின் என்எச்-எல்9ஏ போல 37 மில்லிமீட்டர் உயரமே உள்ள ஃபேனை நம்பி வெளிநாட்டான் நிம்மதியாக இருக்கலாம், நமக்கு அது இழுபறி. இதில் இன்னும் சற்று உயரமானதற்கு இடம் விட்டுச் சுவரை இரண்டு ஸ்லாட்டில் நிறுத்தினேன். புராசசரையும் பட்டினி போட்டேன். ஏஎம்4 வகையில் 105 வாட் என்று அச்சடித்த ரைசன் உண்மையில் 142 வாட் வரை இழுக்கும். பயாஸில் எகோ மோடு 65 என்று வைத்தால் 88-க்குள் அடங்கிவிடும். வீடியோ முடிய ஒரு டீ குடிக்கிற நேரம் கூடுதலாகும். அவருக்குச் சம்மதம். முழு வேகத்துக்குக் காசு கொடுத்துவிட்டு அதை மூடிவைப்பதா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்குப் பெரிய கேபினட்டே சரி.

உப்பைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. கார்த்திகை மழையில் அடுக்களை உப்பு ஜாடி கசிந்து நிற்பதை எல்லாரும் பார்த்திருப்போம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாக நீரை இழுத்துக் கரையும். கடற்கரை ஊரில் கேபினட்டுக்குள் படிகிற தூசியிலும் அந்த உப்பு கலந்திருக்கிறது. மெஷின் ஓடும்வரை சூட்டில் காய்ந்து கிடக்கும். அணைத்து நாலு நாள் மழையில் விட்டால் போர்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையில் ஏறிய பிறகு, கூரை போன வீடுகளிலிருந்து என்னிடம் வந்த சிபியுக்களைப் பிரித்தபோதுதான் உப்பின் கைவரிசையைக் கிட்டத்தில் பார்த்தேன். மழைநீர் பட்டதைக் காயவைத்துக் காப்பாற்ற முடிந்தது. ஏற்கெனவே உள்ளே உப்புத் தூசி படிந்து, அதன்மேல் நனைந்தவற்றில் ராம் பற்களும் கனெக்டர் முனைகளும் பச்சை பூத்துவிட்டன. இந்தக் கிட்டின் தகடுகள் அனோடைஸ் செய்த அலுமினியம், அதற்குப் பயமில்லை. கூட வந்த கறுப்பு ஸ்க்ரூக்கள் சாதா இரும்பு. வெளியே தெரியும் எட்டையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றினேன். மழைக்காலத்தில் வேலை இல்லாவிட்டாலும் தினமும் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள் என்று அவரிடம் சொல்லிவைத்தேன். நகை வாங்கிய கடையில் சொல்வார்களே, பெட்டியிலேயே வைக்காதீங்க, போட்டுக்குங்க என்று. அந்த மாதிரி.

இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு நானே பஸ்ஸில் சிதம்பரம் கொண்டுபோனேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று வழியெல்லாம் வேகத்தடை. ஜன்னலோரமாக உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டேன். கார்டு தொங்காமல் படுத்திருக்கும்படி பெட்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மா, “என்ன தம்பி, ஆர்மோனியமா?” என்றார். அளவு சரிதான்.

அவர் வீடு கோயிலுக்குப் பின்பக்கத்துத் தெருவில். மேசையில் வைத்து, இரண்டு பக்கமும் நாலு விரல் இடம் விட்டு, ஒரு பழைய அரங்கேற்ற வீடியோவை ஓடவிட்டோம். 81 டிகிரிக்குமேல் ஏறவில்லை. தில்லானா ஓடும்போது ஃபேன் சத்தம் கேட்கவே இல்லை. அவருடைய அம்மா காபி கொடுத்துவிட்டு, பெட்டியைத் தொட்டுப் பார்த்து, “இவ்ளோண்டா? இதுக்கா அம்புட்டுக் காசு?” என்றார்.

திரும்பும்போது பஸ் முட்லூர்கூடத் தாண்டவில்லை, போன் வந்தது.

“அண்ணே, இப்ப ஃபேன் ஏரோப்ளேன் மாதிரி கத்துதுண்ணே.”

“பக்கத்துல அம்மா இருக்காங்களா?”

“இருக்காங்க.”

“பெட்டிமேல என்ன இருக்குன்னு பாருங்க.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு தூரத்தில் அந்த அம்மாவின் குரல்: “தூசு படியுமேன்னு டிவி கவரைத்தாண்டா போட்டேன்.”