பில்லில் ஏறாத வேலை

"வாங்கண்ணா, காலைப் பாத்து வைங்க, ஆயில் கெடக்குது" என்றார் ஹெட் மெக்கானிக். உடுமலை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்து. தகர ஷெட்டுக்கு ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மறுபக்கம் பழைய டயர்கள். மூன்று லாரிகள் நின்றிருந்தன. ஒன்று பின் சக்கரங்கள் கழன்று கட்டைமேல் இருந்தது. இன்னொன்று கேபினை முன்னால் கவிழ்த்து எஞ்சினைக் காட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது பார்வைக்கு ஒரு குறையும் இல்லாமல் வெளியே வெயிலில் நின்றது. அன்று பட்டறையை அதிகம் அலைக்கழித்தது அந்த மூன்றாவது வண்டிதான்.

பொள்ளாச்சியில் லாரிப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. தேங்காய், இளநீர், நார், நார்த்தூள் கட்டி, சந்தைக்கு வரும் மாடு, வால்பாறைத் தேயிலை எல்லாமே இங்கே சக்கரத்தில்தான் நகர்கின்றன. மேற்கே கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகப் போனால் கேரளம், தெற்கே மலை. மோட்டாரும் ஊருக்குப் புதிதல்ல. ஜி.டி. நாயுடு 1920-ல் தன் முதல் பஸ்ஸை ஓட்டியது பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில்தான். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. அதற்கும் முன்பு ஒரு வெள்ளைக்காரரின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அக்கு அக்காகப் பிரித்துப் போட்டுத் தொழில் கற்றவர் அவர். இந்தப் பட்டறையில் இருக்கும் ஐந்து பேரில் இரண்டு பேர்தான் ஐ.டி.ஐ.யில் ஒரு வருஷ 'மெக்கானிக் டீசல்' படிப்பை முடித்தவர்கள். மற்ற மூன்று பேரும் நாயுடு வழி.

கட்டைமேல் நின்ற வண்டி முந்தின நாள்தான் வால்பாறையிலிருந்து இறங்கி வந்திருந்தது. ஓனர் சொல்லிவிட்டுப் போனது ஒரே வரி: "பிரேக்கு நிக்க மாட்டீங்குது, லைனிங் மாத்திப் போடுங்க." டிரம்மைக் கழற்றியபோது கருகல் வாடை குப்பென்று வந்தது. இரும்பின் உட்புறம் சில இடங்களில் நீலம் பாய்ந்திருந்தது, மயிரிழைக் கீறல்களும் ஓடியிருந்தன. ஒரு பையன் ஏர் ஹோஸை எடுத்துத் தூசியை ஊதப் போக, "டேய், ஊதாதடா!" என்று சத்தம் வந்தது. ஈரத் துணிதான் அங்கே சட்டம். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கும், அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. இதைக் கண்டிப்பாகப் பார்க்கிற பட்டறைகள் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

லைனிங்கில் இன்னும் சதை இருந்தது. மெக்கானிக் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு டிரைவரிடம் திரும்பினார். "எந்த கியர்ல எறங்குனீங்க தம்பி?" டிரைவர் தலையைச் சொறிந்தார். பதில் கிடைத்துவிட்டது.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு அச்சு லாரி ஒன்று லோடோடு 18.5 டன் வரை இருக்கலாம் என்பது 2018-க்குப் பிந்தைய கணக்கு. அத்தனை எடை ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து கீழே வந்தால் வெளியேற வேண்டிய சக்தி ஏறக்குறைய 50 யூனிட் மின்சாரம், அதாவது 2016-ல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசம் என்று அறிவித்த 100 யூனிட்டில் பாதி. கீழ் கியரில் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் அதில் பெரும் பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். மேல் கியரில் விட்டு பெடலிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் அத்தனையும் டிரம்மில் சூடாகத்தான் இறங்கும்.

ஆனால் டிரைவரைத் திட்டிவிட்டு மெக்கானிக் வேலையை முடிக்கவில்லை. கருகியிருந்தது இடது பின் சக்கரம் மட்டும். நான்கும் சேர்ந்து வேலை செய்திருந்தால் ஒன்று மட்டும் ஏன் வேக வேண்டும்? பையனைக் கேபினில் ஏற்றி பெடலை மிதிக்கச் சொன்னார். ஏர் சேம்பரிலிருந்து நீளும் ராடில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒவ்வொரு சக்கரமாக அது எவ்வளவு வெளியே வருகிறது என்று அளந்தார். மற்ற மூன்றிலும் ராடு அளவுக்கு மீறி நீண்டது. ஸ்லாக் அட்ஜஸ்டர் தளர்ந்து, ஷூ டிரம்மைத் தொடுவதற்குள் காற்றின் தள்ளு தீர்ந்துகொண்டிருந்தது. சரியாக இருந்த ஒரே சக்கரம் மற்றவற்றின் பாரத்தையும் சுமந்து கருகியிருக்கிறது. "லைனிங் மட்டும் மாத்திக் குடுத்தா ஒரு மாசம் நல்லா ஓடுமுங்க. மறுபடி அதே சக்கரந்தான் வேகும்" என்றார். கீறல் விழுந்த டிரம்முக்குப் புதிது வாங்க ஆள் போனது. மற்ற மூன்றையும் டைட் வைத்து அளவுக்குக் கொண்டுவர அதிக நேரம் பிடிக்கவில்லை. அந்த மூன்றைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதுதான் பெரிய வேலை.

இரண்டாவது, நார் மில்லுக்கு ஓடும் வயதான லேலண்ட். புகார்: இழுவை இல்லை, கரும்புகை. ஓனர் தானே தீர்ப்பும் எழுதி அனுப்பியிருந்தார், பம்ப்பைக் கழற்றி காலிபரேஷன் பண்ண வேண்டும் என்று. இந்தப் பழைய லைன் பம்ப்பை யாரைக் கேட்டாலும் 'மைக்கோ பம்ப்' என்பார்கள். 1951-ல் தொடங்கிய மைக்கோ கம்பெனி 2008-ல் பாஷ் என்று பெயர் மாறியது பட்டறைகளின் காதுக்கு எட்டவே இல்லை.

புகையின் நிறத்தை வைத்தே பாதி கேஸைப் படித்துவிடுகிறார்கள். நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் டீசல் எரியாமல் போகிறது, இல்லையேல் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. கறுப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. டீசல் கூடியிருந்தாலும் கறுப்பு, காற்று குறைந்திருந்தாலும் கறுப்பு. ஓனர் முதல் பாதியை மட்டும் யோசித்திருந்தார். மெக்கானிக் நேராக ஏர் ஃபில்டருக்குப் போனார். மூடியைத் திறந்து ஃபில்டரைக் கவிழ்த்ததும் தென்னை நார்த்தூள் செம்பழுப்பாகப் பொலபொலவென்று கொட்டியது. ரேடியேட்டரின் இடுக்குகளிலும் அதே தூள். சமவெளியில் புழுதி ரோட்டில் ஓடும் லாரிக்கு எழுதிய சர்வீஸ் கணக்கு, நார்க் களத்துக்குள்ளேயே நாள் முழுக்க நிற்கும் வண்டிக்கு ஒத்துவராது. ஃபில்டர் மாற்றி, ரேடியேட்டரைத் தண்ணீர் விட்டுக் கழுவி ஸ்டார்ட் செய்தார்கள். புகை வெளிறிவிட்டது. பம்ப்பை யாரும் தொடவில்லை.

ஆனாலும் எஞ்சினில் ஏதோ ஒரு தடுமாற்றம் கேட்டது, எனக்கல்ல, அவருக்கு. ஓடும் எஞ்சினில் நாசிலுக்குப் போகும் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்தி மூடினார். தளர்த்தியதும் சத்தம் மாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது, மாறாவிட்டால் செத்துக் கிடக்கிறது. நான்காவதில் மாறவில்லை. ஒரு நாசில் மட்டும் பக்கத்து பம்ப் ரூமுக்குச் சோதனைக்குப் போனது. காதும் ஒரு ஸ்பேனரும் போதும் என்ற அந்த வித்தை பார்க்க அழகு.

"இதையவே அந்த வண்டியில செஞ்சுராதீங்கண்ணா" என்று வெளியே நின்றதைக் காட்டினார். பழைய நாசில்கள் இருநூறு பார் சொச்சம் அழுத்தத்தில் திறப்பவை. வெளியே நின்ற வண்டியில் இருப்பது போன்ற காமன் ரெயில் எஞ்சினில் டீசல் 1,600 பாருக்கும் மேலே நிற்கும். லாரி டயரிலேயே எட்டு பார்தான். அந்த நட்டைத் தளர்த்தினால் பீறிடும் இழை கண்ணுக்குத் தெரியாது, கையுறையையும் தோலையும் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். காயம் ஊசி குத்தியது போல் சின்னதாக இருக்கும், வலியும் முதலில் தெரியாது. கட்டுப்போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தவர்கள் விரலை இழந்திருக்கிறார்கள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே பாய்ந்தது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். லீக் தேடுவதற்கு ஓர் அட்டைத் துண்டு, விரல் கூடவே கூடாது. புதிதாகச் சேரும் பையனுக்கு முதல் நாள் சொல்லித்தருவது இந்த ஒன்றைத்தான் என்றார். நாயுடு வழி இந்த இடத்தில் உதவாது.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாவது வண்டி. இளநீர் ஏற்றிக்கொண்டு வடக்கே போய் வரும் பி.எஸ்.6 லாரி. 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் எந்தப் புது லாரியும் இந்தப் புகை விதிக்குக் கட்டுப்பட்டதுதான். புகைக்குழாயில் யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளை முறிக்கும் ஏற்பாடு இதில் இருக்கிறது. அது சரியாக நடக்கவில்லை என்று கம்ப்யூட்டருக்குத் தோன்றினால் முதலில் விளக்கு எரியும், பிறகு பவரைக் குறைத்துவிடும். திரும்பி வரும் வழியில் இந்த வண்டி அப்படித்தான் ஏற்றங்களில் ஊர்ந்திருக்கிறது.

ஐ.டி.ஐ. முடித்த பையன் லேப்டாப்பைச் செருகினான். சுத்திகரிப்பு குறைவு என்று எர்ரர் கோடு வந்தது. போனில் ஓனர் காத்திருந்தார். "சென்சார் போயிருச்சுன்னு சொல்றாங்க, மாத்தீட்டா சரியாப்போகுமுங்களா?"

"சென்சார் பொய் சொல்லலீங்க" என்றார் மெக்கானிக். யூரியா டேங்கிலிருந்து சில சொட்டுகளை ஒரு கையடக்கக் கண்ணாடிக் கருவியில் விட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். 32.5 சதவீதத்தில் நிற்க வேண்டிய கோடு வெகு கீழே நின்றது. ஒரு டம்ளரில் பிடித்துப் பார்த்தால் கலங்கல், மோந்து பார்த்தால் வேப்பெண்ணெய். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு வந்தது: தோட்டத்துக்கு வாங்கிய யூரியா மூட்டையிலிருந்து அள்ளிப் போர்த் தண்ணீரில் கரைத்து ஊற்றியிருக்கிறார்கள்.

தென்னைக்காரர் லாரியும் வைத்திருக்கும் ஊரில் இந்த யோசனை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மானிய விலையில் 45 கிலோ மூட்டை 300 ரூபாய்க்கும் கீழே கிடைக்கிறது. ஆனால் 2015 முதல் வயலுக்குப் போகும் யூரியா முழுக்க வேம்பு பூசியது. அந்த எண்ணெயும் போர்த் தண்ணீரின் உப்பும் தெளிக்கும் முனையை அடைக்கும், நைட்ரஜன் ஆக்சைடுகளை முறிக்க உதவும் கேட்டலிஸ்ட்டின் மேல் படிந்து அதைக் கெடுக்கும். டேங்கைக் காலி செய்து அலசினார்கள். தெளிப்பானைக் கழற்றினால் வாயைச் சுற்றி வெள்ளைப் படிகம் கட்டியிருந்தது. வெந்நீரில் போட்டதும் கரையத் தொடங்கியது. கேட்டலிஸ்ட் தப்பித்ததா என்பது நல்ல கரைசல் ஊற்றி லோடில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். சென்சாரை மாற்றியிருந்தால் பணம் போயிருக்கும், சில நாளில் அதே விளக்கு திரும்ப எரிந்திருக்கும். இந்த ஏற்பாட்டையே சாஃப்ட்வேரில் அணைத்துத் தரச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. அது சட்டவிரோதம் என்பதைவிட, அணைத்த வண்டியில் அடுத்து என்ன கெட்டாலும் அது வாயைத் திறந்து சொல்லாது என்பதுதான் அவர் மறுப்பதற்கு முதல் காரணம்.

எர்ரர் கோடை அழித்து, சிஸ்டத்துக்குச் சில சோதனைகள் கொடுக்க வேண்டியிருந்தது. பட்டறையின் ஸ்கேனர் பாதி தூரம்தான் போனது. மீதிக்குக் கம்பெனி சாஃப்ட்வேரும் லாகினும் வேண்டும். 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தொடங்கிய 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தில் வாகனத் துறையும் இருக்கிறது, கையேடும் உதிரிபாக விவரமும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். சந்துக்குள் இருக்கும் இந்த லேப்டாப்பில் அந்த உரிமை இன்னும் லாகின் கேட்கிறது.

சாயங்காலம் பில் போடும் மேஜைக்கு வந்தோம். எனக்கு முக்கியமாகப் பட்டது இங்கேதான். கம்பெனி சர்வீஸ் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று லேபர் போடுவார்கள். பட்டறையில் கூலி சாமானோடு ஒட்டியது: கிளட்ச் இறக்கி ஏற்ற இவ்வளவு, ஹெட் இறக்க இவ்வளவு. எதையும் இறக்காமல், எதை இறக்க வேண்டாம் என்று கண்டுபிடித்ததற்கு நோட்டில் கட்டம் இல்லை. லேலண்ட்டுக்கு பம்ப்பைக் கழற்றி மாட்டியிருந்தால் நல்ல கூலி வந்திருக்கும். அதைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு வந்தது ஃபில்டர் விலை, வாட்டர் சர்வீஸ், ஒரு நாசில். யோசிக்காத மெக்கானிக்குக்கு வருமானம் அதிகம் என்று ஆகிவிட்ட ஒரு தொழிலில் இவர் ஏன் யோசிக்கிறார்? கேட்டேன். "திரும்பி வந்துருமுங்களே வண்டி" என்றார். தப்பாகப் பார்த்த வண்டி மறுபடி வாசலில் வந்து நிற்கும், அதற்குக் கூலியும் கேட்க முடியாது.

இப்போது கொஞ்ச நாளாக அவர் பில்லில் 'செக்கிங்' என்று ஒரு வரி சேர்க்கிறார். இளநீர் வண்டியின் ஓனர் நேரில் வந்து, அந்த வரியில் விரலை வைத்தார்.

"ஏனுங்க, இது என்னுங்க செக்கிங்கு, ஐந்நூறு?"

"சென்சார் வேண்டாம்னு சொன்னதுக்குங்க."

"சொன்னதுக்கா?" ஓனர் சிரித்துக்கொண்டே முந்நூறாக்கிக் கொடுத்தார். மெக்கானிக்கும் வாங்கிக்கொண்டார். கேட் வரை போன ஓனர் திரும்பி, "இன்னொரு வண்டி இருக்குதுங்க, மைலேஜே குடுக்க மாட்டீங்குது. நாளைக்கு அனுப்பறேன், ஒண்ணும் கழட்ட வேண்டாம், என்னன்னு மட்டும் பாத்துச் சொல்லிப்போடுங்க" என்றார்.