எச்சமா, புழுவா?

தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். அங்கே இளங்கன்றுத் தோட்டத்தில் நடந்தால், கொழுந்து இலைகளில் பறவை எச்சம் போலப் பழுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒட்டியிருக்கும். குச்சியால் தொட்டால் நெளியும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அது. எச்சம்தானே என்று குருவி விட்டுவிடும்; விவசாயியும் விட்டுவிடுகிறார், அதுதான் தொல்லை.

வளர்ந்ததும் இலையோடு இலையாகப் பச்சையாகிவிடும். தீனியும் அப்போதுதான் அதிகம். பெரிய மரம் தாங்கிக்கொள்ளும்; கன்று மொட்டையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னே கொம்பு நீட்டி நாற்றம் வீசும். கைக்கு ஒன்றும் ஆகாது. எச்ச வேடத்தில் இருக்கும்போதே பொறுக்கிவிட்டால் மருந்துச் செலவு மிச்சம். தோட்டத்து வீட்டு வாசலில் நிற்கும் கறிவேப்பிலையையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அதிலும் இதே புழுதான்.