விளக்கு வைக்குமுன் சாப்பாடு

விழுப்புரத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் திண்டிவனம். அந்த வேகத்தில் போகிற நமக்கு, திண்டிவனம், செஞ்சிப் பக்கத்துக் கிராமங்களில் ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகத் தமிழ்ச் சமணர்கள் வாழ்கிறார்கள் என்பது தெரிவதில்லை. சமணர் என்றதும் வடக்கேயிருந்து வந்த சேட்டு வீடுகள்தான் நம் ஞாபகத்துக்கு வரும். இவர்கள் பேசுவது தமிழ்; தை பிறந்தால் பொங்கல் வைக்கிறார்கள். 'நயினார்' என்பது பட்டப் பெயர்.

இவர்களுடைய மடம் மேல்சித்தாமூரில் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து சுமார் 20 கி.மீ. பார்சுவநாதர் கோயிலின் உயர்ந்த கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மலைநாதர் கோயிலில் ஒரு பெரிய பாறையிலேயே தீர்த்தங்கரர்களோடு பாகுபலியையும் அம்பிகா யட்சியையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் நான் பார்க்கப் போனது கோயிலை மட்டும் அல்ல, அடுப்படியையும்தான். சூரியன் மறைந்தபின் இவர்கள் சாப்பிடுவதில்லை. இருட்டில் சிறு பூச்சி சோற்றில் விழுந்து உயிர் போய்விடக் கூடாது என்பதே காரணம். தண்ணீரையும் துணியில் வடிகட்டிக் குடிப்பது வழக்கம்.

நான் தங்கிய வீட்டில் மாலை ஐந்தரைக்கே இலை போட்டுவிட்டார்கள். "உக்காரும்மா, விளக்கு வெக்கறதுக்குள்ள முடிச்சிரலாம்" என்றார் அந்த வீட்டு ஆயா. இருட்டின பிறகு எதிர்வீட்டுக்காரர் கொடுத்த முறுக்கை அஞ்சு வயசுப் பேத்தி வாங்கி, வாயில் போடாமல் டப்பாவில் போட்டு மூடினாள். "காலையில துன்னுக்கறேன்" என்றாள். யாரும் அவளைக் கண்டிக்கவில்லை. யாரும் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. நாம் பிள்ளைகளுக்கு வாயால் சொல்வதைவிட, நம் கை செய்வதைப் பார்த்துத்தான் அதுகள் அதிகம் கற்றுக் கொள்கின்றன போலிருக்கிறது.

இதே குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தில் தீபாவளி என்றால் நரகாசுரன் கதை. வீட்டில் அது மகாவீரர் வீடுபேறு அடைந்த நாள். குழப்பமாக இருக்காதா என்று கேட்டேன். "ரெண்டு கதையும் தெரியும் அவளுக்கு. எதை எங்க சொல்லணும்னும் தெரியும்" என்று ஆயா சிரித்தார்.

இந்த அடையாளத்துக்கு ஒரு காலத்தில் ஆபத்து வந்தது. 1478 வாக்கில் செஞ்சி அரசன் ஒருவன் சமணரைக் கொன்று குவித்தான், பலர் உயிருக்குப் பயந்து நெற்றியில் நீறு பூசிக்கொண்டார்கள் என்று இங்கே ஒரு கதை வழங்குகிறது. 1906-ல் வந்த தென்னாற்காடு ஜில்லா கெஸட்டியரிலும் அது இருக்கிறது. தப்பிச் சிரவணபெளகொளா போய்ச் சேர்ந்த வீரசேனரைத் தாயனூர் உடையார் ஒருவர் அழைத்து வந்தாராம். மாறிப்போன பலர் திரும்பினார்களாம். அதனால் விசேஷங்களில் முதல் வெற்றிலை பாக்கு தாயனூர் உடையார் வீட்டாருக்கு. "நெத்தியில பூசறத மாத்திக்கலாம். அடுப்படிய எப்படிம்மா மாத்தறது?" என்றார் ஆயா.

இப்போது எந்த அரசனும் வரவில்லை. ஸ்கூல் வேன் வருகிறது, டியூஷன் வருகிறது, ஏழு மணிக்குப் பிறந்த நாள் கேக் வருகிறது. சென்னையில் இருக்கும் மருமகள் வேன் நிற்கிற தெருமுனையிலேயே சாப்பாட்டு டப்பாவோடு நிற்கிறாளாம். பக்கத்தில் ஒரு திண்ணையில் உட்கார வைத்து ஊட்டிவிடுகிறாள். ஆயாவுக்கு இதில் சம்மதமில்லை. "படிக்கிற புள்ளைய அவதிப்படுத்தறதும் இம்சைதானே? ராத்திரி ரெண்டு இட்லி துன்னா நயினார் இல்லேன்னு ஆயிடுமா?" என்கிறார். எனக்கென்னவோ மருமகள் பக்கம்தான் மனசு சாய்கிறது. விட்டால் பிடிப்பது கஷ்டம்.

செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர் குன்று. இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களையும் ஒரே பாறையில் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் நோற்று உயிர் விட்டதை அங்கே ஒரு பழங்கல்வெட்டு சொல்கிறது. தமிழ் எழுத்தைப் பற்றி ஆராய்கிறவர்கள் 'ஐ' என்ற எழுத்துக்காக அதைத் தேடிப் போகிறார்கள்.

மறுநாள் காலை கிளம்பும்போது பேத்தி டப்பாவைத் திறந்து எனக்கும் ஒரு முறுக்கு கொடுத்தாள். கொஞ்சம் நமுத்துப் போயிருந்தது.